செய்தி வந்து சேரும்வரை

நுழையும்முன்

போர் என்றதும் படைக்கலங்களே நம் நினைவுக்கு வருகின்றன. படைக்கலத்தைப் போலவே போரின் போக்கை முடிவுசெய்த மற்றொன்று உண்டு, அது செய்தி. திருக்குறளில் தூது என்னும் அதிகாரம் வேந்தர் இருவரிடையே சொல்லாடுவோரின் இயல்பை எடுத்துரைக்கிறது. இப்பாடம் கூறுவது வேறொரு தூது. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு படையின் முன்வரிசை தன் தளபதிக்கும், தளபதி தன் முன்வரிசைக்கும் அனுப்பிய செய்தி அது. கையில் ஏந்தும் வானொலிக் கருவிகள் வருவதற்கு முன்னர் அச்செய்தி எவ்வாறு பயணம் செய்தது? வழியில் அது தடைப்பட்டபோது என்ன நேர்ந்தது?

குன்றும் பள்ளத்தாக்கும்

1854ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள். கருங்கடலின் வடகரையிலுள்ள கிரீமியா தீபகற்பத்தில், பாலக்லாவா என்னும் சிறு துறைமுகத்துக்கு அருகே பிரிட்டிஷ் படையும் அதன் நட்புப் படைகளும் ரஷ்யப் படையுடன் மோதிக்கொண்டிருந்தன. பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ராக்லன் பிரபு உயர்ந்த மேட்டுநிலத்தின் விளிம்பில் நின்றிருந்தார். கீழே இரண்டு பள்ளத்தாக்குகளும் அவற்றைப் பிரிக்கும் நீண்ட மேடும் அவருக்கு வரைபடம்போல் விரிந்து தெரிந்தன. அன்று காலை ரஷ்யர் கைப்பற்றிய பீரங்கிகளை அம்மேட்டிலிருந்து இழுத்துச்செல்ல முற்படுவதாக அவருக்குத் தோன்றியது. குதிரைப்படை விரைந்து முன்னேறிப் பீரங்கிகள் கொண்டுசெல்லப்படுவதைத் தடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் ஆணை எழுதப்பட்டது. குதிரையேற்றத்தில் தேர்ந்த கேப்டன் நோலன் அத்தாளுடன் செங்குத்தான சரிவில் இறங்கினார்.

கீழே நின்ற குதிரைப்படைத் தளபதி லூக்கன் பிரபுவுக்கு மேட்டின்மேல் நடப்பது எதுவும் தெரியவில்லை. எந்தப் பீரங்கிகளைத் தாக்க வேண்டும் என்று அவர் வினவினார். நோலன் கையை வீசிக் காட்டினார். அந்தக் கை பள்ளத்தாக்கின் கோடியில் ரஷ்யர் அணிவகுத்து நிறுத்தியிருந்த பீரங்கிகளைச் சுட்டுவதாக லூக்கன் கொண்டார். அறுநூற்றுக்கும் மேற்பட்ட குதிரைவீரர்கள் மூன்று பக்கமும் பீரங்கிகள் நின்ற பள்ளத்தாக்கினுள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் பாய்ந்து சென்றனர். அவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முதலில் வீழ்ந்தவர்களுள் ஒருவர் நோலன். ஆணையின் உண்மைப் பொருளை அவரிடம் மறுபடியும் கேட்க வழியில்லாமற்போயிற்று.

அத்தாளில் இருந்த சொற்கள் பிழையானவை அல்ல; எழுதியவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் பொருள் தெளிவாகவே இருந்தது. படித்தவர் நின்ற இடம்தான் வேறு. செய்தி வந்து சேர்ந்ததா என்பதோடு, சேர்ந்த பின் ஐயம் ஒன்று எழுந்தால் அதனைத் திருப்பிக் கேட்க இயலுமா என்பதும் போர்க்களத்தில் உயிர்ப்பிரச்சினையாக இருந்தது.

இதில் விந்தை ஒன்றும் உண்டு. அடுத்த ஆண்டிலேயே, 1855இல், கருங்கடலின் அடியில் மின்தந்திக் கம்பி இடப்பட்டது. அதுவரை நாள்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில், பயணம் செய்த செய்தி லண்டனிலிருந்து மணிக்கணக்கில் கிரீமியாவை எட்டத் தொடங்கியது. ஆனால், குன்றின் உச்சியிலிருந்து அதன் அடிவாரத்துக்குச் செய்தியைக் கொண்டுசெல்ல அப்போதும் குதிரையே தேவைப்பட்டது. தலைநகரங்களை இணைப்பது எளிதாயிற்று; நகர்ந்துகொண்டே இருக்கும் படையை இணைப்பது அரிதாகவே இருந்தது.

கதிரவனைக் கொண்டு எழுதுதல்

கம்பி எட்டாத இடங்களில் ஒளி உதவிக்கு வந்தது. கொடியசைத்துச் செய்தி அனுப்புதல், கோபுரங்களின்மேல் மரக்கைகளை அசைத்துக் காட்டுதல் முதலிய முறைகள் முன்பே வழக்கில் இருந்தன. பிரான்சில் குளோட் ஷாப் என்பவர் அமைத்த கோபுரத் தொடர் 1794இல் பாரிசுக்கும் லீல் நகருக்கும் இடையே செய்திகளைக் கடத்தியது. ஆயினும் கோபுரத்தைப் படையுடன் தூக்கிச்செல்ல முடியாது. தூக்கிச்செல்லக்கூடிய ஒளிக்கருவியை வடிவமைத்தவர், கராச்சியில் தந்தித் துறையில் பணியாற்றிய ஹென்றி மான்ஸ் என்னும் பொறியாளர். 1860களின் இறுதியில் உருவான அக்கருவியின் பெயர் ஹீலியோகிராஃப். கதிரவன், எழுத்து என்னும் பொருள்தரும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது.

முக்காலியின்மேல் பொருத்திய வட்டக்கண்ணாடி ஒன்றே இக்கருவியின் உயிர். கண்ணாடியின் நடுவில் சிறு புள்ளியளவு ரசம் பூசப்படாமல் விடப்பட்டிருக்கும். அதன் வழியே பார்த்து, முன்னே உள்ள குறிக்கோலையும் தொலைவில் நிற்கும் நிலையத்தையும் ஒரே நேர்கோட்டில் அமைத்துக்கொள்வர். கண்ணாடியின் பின்னுள்ள நெம்பை அழுத்தும்போது அது சற்றே சாய்ந்து, கதிரொளி தொலைநிலையத்தின்மேல் விழும். நெம்பை விட்டால் ஒளி விலகும். நீண்ட ஒளிர்வும் குறுகிய ஒளிர்வும் மோர்ஸ் குறியீட்டின் கோடும் புள்ளியுமாயின. கதிரவன் பின்புறம் இருந்தால் இரண்டாவது கண்ணாடி ஒன்றைக்கொண்டு ஒளியைத் திருப்பிக்கொள்வர். கருவிக்கு எரிபொருள் வேண்டியதில்லை; மின்கலம் வேண்டியதில்லை; ஒருவரே சுமக்கலாம். தெளிந்த வானத்தின்கீழ் ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் செய்தி அனுப்பலாம்.

இயற்பியல் பயிலும் மாணவர்கள் இக்கருவியின் மற்றொரு சிறப்பைத் தாமே கணக்கிட்டு அறியலாம். புவியிலிருந்து பார்க்கையில் கதிரவனின் வட்டம் ஏறத்தாழ அரைப்பாகைக் கோண அளவுடையது. ஆகவே, சமதளக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கதிரொளியும் அரைப்பாகை அளவுக்கே விரிகிறது. பத்து கிலோமீட்டர் தொலைவில் அதன் அகலம் ஏறத்தாழ 90 மீட்டர் மட்டுமே. அந்த 90 மீட்டருக்கு வெளியே நிற்கும் எதிரியின் கண்ணுக்கு இச்செய்தி தென்படாது. இதே குறுகிய ஒளி ஒரு தொல்லையையும் தந்தது. வானில் கதிரவன் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் நகர்வதால், செய்தியாளர் இடையறாது கண்ணாடியைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். சற்று அயர்ந்தாலும் ஒளி இலக்கை விட்டு நழுவிவிடும்.

ஸ்பியான் காப்

இத்தனை சிறப்புடைய கருவி ஒரே நாளில் எத்தனை வகையில் கைவிட முடியும் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் ஸ்பியான் காப் குன்று காட்டியது. போயர் போரின்போது, 1899 நவம்பர் முதல், நேட்டாலில் உள்ள லேடிஸ்மித் நகரைப் போயர்கள் முற்றுகையிட்டிருந்தனர். நகருக்குள் சிக்கிய பிரிட்டிஷ் படை வெளியுலகோடு பேசியது ஹீலியோகிராஃப் வழியாகவே. முற்றுகையை உடைக்க வந்த தளபதி புல்லர், துகேலா ஆற்றைக் கடந்து ஸ்பியான் காப் குன்றைக் கைப்பற்றும் முயற்சிக்கு இசைந்தார். அப்பணி தளபதி வாரனிடம் விடப்பட்டது.

1900 ஜனவரி 23ஆம் நாள் இரவு படை குன்றேறியது. உச்சியில் அடர்ந்த பனிமூட்டம். இருளிலும் பனியிலும் வீரர்கள் பாறை நிலத்தில் ஆழமற்ற பதுங்குகுழி ஒன்றைத் தோண்டினர். காலையில் பனி விலகியபோதுதான் அவர்கள் நிற்குமிடம் உச்சியின் உரிய விளிம்பு அன்று என்பதும், சுற்றியுள்ள மேடுகளிலிருந்து போயர்களின் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் தங்களைக் குறிபார்க்கின்றன என்பதும் புலப்பட்டன. பனி இருந்தவரை ஹீலியோகிராஃபுக்குக் கதிரொளி இல்லை. பனி விலகிக் கதிரொளி வந்ததும் எதிரியின் பீரங்கிக் குண்டுகளும் உடன் வந்தன.

படைத்தலைவர் உட்கேட் காயமுற்று வீழ்ந்தார். அக்காயம் அவர் உயிரைக் கவர்ந்தது. அடுத்த நிலையில் இருந்த கர்னல் க்ராஃப்டன் செய்தி அனுப்பப் பணித்தார். உடனே துணைப்படை வராவிடில் எல்லாம் இழப்போம், தளபதி இறந்துவிட்டார் என்னும் பொருளில் அது கீழே எட்டியது. தாம் அவ்வாறு சொல்லவில்லை என்று க்ராஃப்டன் பின்னர்க் கூறினார். குண்டுகள் வெடிக்கும் வேளையில் வாய்மொழியாகச் சொன்னதை ஒருவர் குறியீடாக மாற்ற, மற்றொருவர் தொலைவிலிருந்து படித்தெழுதிய செய்தியில் எந்தச் சொல் யாருடையது என்பதை யார் உறுதிசெய்ய இயலும்? அச்செய்தியின் தொனியைக் கண்டு, வேறொருவர் தலைமை ஏற்க வேண்டும் என்று புல்லர் முடிவுசெய்தார். கர்னல் தார்னிகிராஃப்ட் நியமிக்கப்பட்டார். ஆனால், குன்றின்மேல் இருந்த மற்ற மூத்த அதிகாரிகள் எல்லாருக்கும் அச்செய்தி சென்று சேரவில்லை. நடுப்பகல் வெயிலில், தண்ணீரின்றித் தவித்த படைக்குத் தலைவர் யார் என்பதே பலருக்குத் தெரியாத நிலை ஏற்பட்டது.

பீரங்கிக் குண்டு ஒன்று ஹீலியோகிராஃபை நொறுக்கியது. மாலை மங்கியது. இரவில் பயன்படுத்துவதற்கென்று விளக்குக் கருவி ஒன்று இருந்தது. அதற்கு எண்ணெய் இல்லை. ஒரு போரின் முடிவு சிறிதளவு விளக்கெண்ணெயில் தொங்கியது என்றால் மிகைபோலத் தோன்றலாம்; அன்றிரவு நடந்ததைப் பார்த்தால் மிகை அன்று. கீழே வாரன் புதிய பீரங்கிகளையும், பதுங்குகுழிகளை ஆழப்படுத்தப் பொறியியல் படையினரையும் மேலே அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். மேலே இருந்த தார்னிகிராஃப்டுக்கு அது தெரியாது. நாள் முழுவதும் தாம் கைவிடப்பட்டதாகவே கருதிய அவர் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார். வாரனின் செய்தியுடன் இருளில் குன்றேறி வந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். செய்தியாளராகவும் படை அதிகாரியாகவும் இருந்த இளைஞர். அவர் வந்து சேர்ந்தபோது முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

அதே இரவில் போயர்களுள் பலரும் தோற்றுவிட்டதாக எண்ணித் தம் நிலைகளை விட்டு நீங்கிக்கொண்டிருந்தனர். பொழுது விடிந்தபோது உச்சியில் பிரிட்டிஷ் படை இல்லை என்பதைக் கண்டு அவர்களே வியந்தனர். இருதரப்பும் விட்டுவிட்ட குன்றை, விட்டது எதிரி என்று முதலில் அறிந்தவர்கள் பெற்றனர். பிரிட்டிஷ் தரப்பில் 243 பேர் இறந்தனர். காயமுற்றவர்களைச் சுமந்து சென்றவர்களுள் காந்தியடிகள் திரட்டிய இந்திய மருத்துவ உதவிப் படையினரும் இருந்தனர். ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட அப்படையில் பெரும்பான்மையோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நேட்டாலின் ஒப்பந்தத் தொழிலாளர்களுள் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறியவர்கள் என்பதால், அக்குன்றின் கதை நமக்கு முற்றிலும் அயலானது அன்று.

கம்பியின் எல்லை

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் முதல் உலகப்போர் மூண்டபோது தொலைபேசி வந்துவிட்டது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இருதரப்புப் படைகளும் பதுங்குகுழிகளுக்குள் எதிரெதிரே அமர்ந்தபின், முன்வரிசையிலிருந்து தளபதியின் மேசைவரை கம்பி இழுக்கப்பட்டது. தரையில் கிடந்த கம்பியை வெடிகுண்டு அறுத்தது. எனவே ஏறத்தாழ 1.8 மீட்டர் ஆழத்தில் பள்ளம் தோண்டிக் கம்பியைப் புதைத்தனர். ஒரு கம்பி அறுந்தாலும் செய்தி சுற்றிச் செல்லும்படி, ஏணியின் படிகளைப்போல் குறுக்குக் கம்பிகளை இணைத்தனர். அறுந்த கம்பியைத் தேடிச்சென்று இணைப்பதே தொழிலாகக் கொண்ட வீரர்கள் இருந்தனர். எல்லாரும் பதுங்கும் வேளையில் வெளியே செல்வது அவர்களின் கடமை.

கம்பிக்கு மற்றோர் ஆபத்தும் இருந்தது. தொடக்கக்காலத் தொலைபேசிகளில் மின்சுற்றின் ஒரு பாதியாக மண்ணே பயன்பட்டது. ஈரமண்ணில் கசிந்த மின்னோட்டத்தைக் கேட்பதற்கு ஜெர்மானியர் நுண்கருவிகளை அமைத்தனர். 1916 ஜூலை முதல் நாள் சோம் ஆற்றுப் போர் தொடங்குவதற்கு முந்தைய இரவு, லா புவாசெல் என்னும் சிற்றூருக்கருகில் பிரிட்டிஷ் தொலைபேசிச் செய்தி ஒன்றின் பகுதியை அவ்வாறே கேட்டனர். வீரர்களுக்கு வாழ்த்துக் கூறும் செய்தி அது. மறுநாள் தாக்குதல் உண்டு என்பதை எதிரிக்கு அது உணர்த்திவிட்டது. ஒட்டுக்கேட்க இயலாதவாறு மிக நுண்ணிய மின்னோட்டத்தில் இயங்கும் கருவி ஒன்றை ஃபுல்லர் என்னும் அதிகாரி 1915இல் உருவாக்கியிருந்தார். அது எல்லா இடங்களையும் எட்டச் சில காலம் ஆயிற்று.

தெரிந்து தெளிவோம்

இந்தியப் படையின் தகவல்தொடர்புப் பிரிவு 1911 பிப்ரவரி 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதன் முதல் இரண்டு அணிகள் உத்தரப்பிரதேசத்தில் உள்ள ஃபதேகரில் உருவாயின. அதற்குமுன் இப்பணியைப் பொறியியல் படைப்பிரிவினரே செய்துவந்தனர். பிப்ரவரி 15 இன்றும் அப்பிரிவின் தோற்றநாளாகக் கொண்டாடப்படுகிறது.

கம்பியின் உண்மையான எல்லை வேறோர் இடத்தில் இருந்தது. வீரர்கள் தம் பதுங்குகுழியை விட்டு எழுந்து எதிரியை நோக்கி நடக்கத் தொடங்கியதும், கம்பி அவர்கள் பின்னே நின்றுவிட்டது. செய்தி மிகவும் தேவைப்பட்ட நேரம் அது; செய்திக்கு வழியே இல்லாத நேரமும் அதுதான். இக்குறை போரிடும் முறையையே மாற்றியது. முன்னேறும் வீரர் எங்கிருக்கிறார் என்பதைப் பீரங்கிப் படையினர் அறிய முடியாததால், இந்த நிமிடத்தில் இந்த வரிசை, அடுத்த நிமிடத்தில் அடுத்த வரிசை என்று கடிகாரத்தைப் பார்த்தே சுட்டனர். வீரர்கள் தாமதித்தாலும் குண்டுமழை கால அட்டவணைப்படி முன்னே சென்றுவிடும். அதனைத் திரும்ப அழைக்க எவராலும் இயலாது.

கம்பி நின்ற இடத்திலிருந்து மனிதர் ஓடினர். செய்தி ஓட்டக்காரர் என்போர் எழுதிய தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு குண்டுக்குழிகளுக்கிடையே சேற்றில் விரைந்தனர். ஒருவர் வீழ்ந்தால் மற்றவராவது சேரட்டும் என்று ஒரே செய்தியை இருவரிடம் கொடுத்து அனுப்புவது வழக்கம். ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு மணிக்கணக்கில் ஆவதுண்டு. ஓட்டக்காரர் சேர்ந்தாலும், அவர் தாளில் இருந்தது அவர் புறப்பட்ட நேரத்துப் போர்க்களமே. பின்னாளில் ஜெர்மனியின் சர்வாதிகாரியான ஹிட்லரும் அப்போரில் ஒரு ரெஜிமெண்டின் செய்தி ஓட்டக்காரராகவே பணியாற்றினார். பழக்கப்பட்ட நாய்களின் கழுத்துப்பட்டையிலும் செய்திகள் சென்றன. நாயை வழியில் கண்ட வீரர்கள் கொஞ்சித் தடுத்துவிடக் கூடாது என்று கட்டளையிட நேர்ந்ததும் உண்டு.

வெள்ளை ஒளிவாணம்

ஓட்டக்காரரைவிட விரைவாகச் செல்லக்கூடியது வானில் எய்யும் ஒளிவாணம். முன்னரே ஒத்துக்கொண்டபடி, ஒரு நிறம் உதவியை வேண்டும்; மற்றொன்று இலக்கை அடைந்துவிட்டதைத் தெரிவிக்கும். ஒரு நொடியில் எல்லாரும் காணலாம். ஆனால், எய்தவர் யார் என்பதை ஒளி கூறாது.

1916 ஜூலை முதல் நாள் காலை. சோம் போர்க்களத்தின் வடபகுதியில் போமோன்-ஹமெல் என்னும் சிற்றூரை நோக்கிப் பிரிட்டிஷ் படையின் 29ஆம் டிவிஷன் 7.30 மணிக்கு எழுந்தது. முன்னேறுவோரைத் தொலைவிலிருந்து பீரங்கி அதிகாரிகள் அடையாளம் காண்பதற்காக வீரர்களின் முதுகுப்பையில் பளபளக்கும் முக்கோணத் தகரத் தகடுகள் கட்டப்பட்டிருந்தன. செய்தி அனுப்ப இயலாதவரின் முதுகே செய்தியாக்கப்பட்டது எனலாம். முதலில் சென்ற படைகள் எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகளால் சில நிமிடங்களிலேயே சிதைந்தன. குண்டுமழையோ அட்டவணைப்படி அவர்களைக் கடந்து முன்னே போய்விட்டது.

பின்னால் இருந்த தலைமையிடத்துக்கு வந்து சேர்ந்த செய்திகள் சில, அவையும் முரண்பட்டவை. அந்நேரத்தில் எதிரியின் பக்கம் வெள்ளை ஒளிவாணம் ஒன்று எழுந்தது. முதல் இலக்கை அடைந்துவிட்டோம் என்பதற்குப் பிரிட்டிஷ் படை வகுத்திருந்த குறியும் வெள்ளை ஒளிவாணமே. உண்மையில் அதனை எய்தவர்கள் ஜெர்மானியர். தங்கள் பீரங்கிக் குண்டுகள் தங்களருகிலேயே விழுகின்றன என்று தம் படைக்கு அறிவிக்க அவர்கள் வைத்திருந்த குறியும் அதே நிறம். முன்சென்றவர்கள் வென்றுவிட்டனர் என்று டிவிஷன் தளபதி எண்ணினார். அவர்களுக்குத் துணையாக அடுத்த அணிகளை அனுப்ப ஆணையிட்டார்.

அவ்வாறு அனுப்பப்பட்டவற்றுள் ஒன்று நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமெண்ட். இன்று கனடாவின் பகுதியாக உள்ள அத்தீவு அன்று தனி நாடாக இருந்தது. மீன்பிடித் தொழிலை நம்பிய சிறிய நாடு. முன்வரிசைக்குச் செல்லும் பதுங்குவழிகள் இறந்தோராலும் காயமுற்றோராலும் அடைபட்டிருந்தன. எனவே அவர்கள் பின்வரிசையிலிருந்தே வெட்டவெளிக்கு ஏறி 9.15 மணிக்குப் புறப்பட்டனர். சென்றவர்கள் ஏறத்தாழ 800 பேர். அரைமணி நேரத்துக்குள் அவர்களின் தாக்குதல் முடிந்துவிட்டது. காயமுற்றுத் தவழ்ந்தோர் அசையும்போதெல்லாம் முதுகிலிருந்த தகரம் வெயிலில் மின்னி எதிரிக்கு அவர்களைக் காட்டிக்கொடுத்தது. மறுநாள் பெயர் அழைத்தபோது விடைகூறியவர்கள் 68 பேர். அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் படை முழுவதும் இழந்த உயிர்கள் 19,240.

அன்றைய தளபதிகளை அறிவற்றவர்கள் என்று கூறுவது எளிது. பல நூல்கள் அவ்வாறே கூறுகின்றன. அவர்களின் பிழைகளை மறைக்க வேண்டியதில்லை. குறியீட்டு நிறத்தை எதிரி பயன்படுத்தக்கூடும் என்பதை முன்னரே எண்ணிப்பார்த்திருக்க வேண்டும். ஆயினும், இன்று வரைபடத்தில் முழுப் போர்க்களத்தையும் ஒரே பார்வையில் காண்பவர், 9 மணிக்கு அத்தளபதியின் கையில் என்ன செய்தி இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். அவரிடம் இருந்தது தொலைவில் எழுந்த ஒரு வெள்ளை ஒளி.

கடைசிப் புறா

கம்பி அறுந்து, ஓட்டக்காரர் வீழ்ந்து, புகையில் ஒளியும் மறைந்தபின் எஞ்சியது புறா. எங்கே கொண்டுசென்று விட்டாலும் தன் கூட்டுக்குத் திரும்பும் இயல்பு அதற்கு உண்டு. அவ்வியல்பே அதன் பயனும் எல்லையும் ஆகும். முன்வரிசையிலிருந்து பின்னுள்ள கூட்டுக்கு அது செய்தி கொண்டுவரும், விடை கொண்டுசெல்லாது. இரவிலும் அடர்பனியிலும் அதனை நம்ப முடியாது. படை நகர்ந்தால் கூடும் நகர வேண்டும் என்பதால், லண்டன் நகரில் ஓடிய ஈரடுக்குப் பேருந்துகளையே புறாக்கூடுகளாக மாற்றிப் பிரிட்டிஷ் படையினர் பிரான்சுக்குக் கொண்டுசென்றனர். பயணிகள் அமர்ந்த மேல்தளத்தில் புறாக்கள் குடியேறின. மெல்லிய தாளில் எழுதிய செய்தி சிறு உலோகக் குப்பியில் அடைக்கப்பட்டுப் புறாவின் காலில் கட்டப்பட்டது.

பிரான்சின் வெர்தன் நகருக்கு அருகிலுள்ள வோ கோட்டையை 1916 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஜெர்மானியர் சூழ்ந்துகொண்டனர். கோட்டையின் மேல்தளத்தில் ஜெர்மானியர்; உள்ளே இருண்ட நடைவழிகளில் பிரெஞ்சு வீரர்கள். நச்சுப்புகையும் நெருப்பும் உள்ளே பாய்ச்சப்பட்டன. கோட்டைத் தலைவர் ரேனால் பக்கத்துக் கோட்டைக்கு ஒளிக்குறி அனுப்பினார், விடை வரவில்லை. ஜூன் 4ஆம் நாள் தம்மிடம் எஞ்சியிருந்த ஒரே புறாவை வெளியே விட்டார். இன்னும் தாக்குப்பிடிக்கிறோம், விரைவில் மீட்பு வேண்டும், இதுவே எங்கள் கடைசிப் புறா என்பது அது சுமந்த செய்தியின் சாரம். நச்சுப்புகையை உட்கொண்டிருந்த அப்பறவை தன் கூட்டை அடைந்து உயிர்விட்டது. செய்தி சேர்ந்தது. உதவிதான் சேர முடியவில்லை. தண்ணீர்த் தொட்டி வறண்டுவிட, ஜூன் 7ஆம் நாள் கோட்டை சரணடைந்தது. அப்பறவைக்கு நினைவுப்பலகை ஒன்று இன்றும் அக்கோட்டையில் உள்ளது.

1918 அக்டோபரில் ஆர்கான் காட்டில் நடந்தது இதனினும் புகழ்பெற்றது. மேஜர் விட்டில்சியின் தலைமையில் 500க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் எதிரியின் பகுதிக்குள் வெகுதூரம் முன்னேறிப் பள்ளத்தாக்கு ஒன்றில் சூழப்பட்டனர். பின்னுள்ள தலைமையிடம்வரை ஓட்டக்காரர்களை இடைவெளிவிட்டு நிறுத்தி அவர் அமைத்திருந்த தொடரை ஜெர்மானியர் அறுத்துவிட்டனர். அக்டோபர் 4ஆம் நாள் அமெரிக்கப் பீரங்கிகளின் குண்டுகளே அவர்கள்மேல் விழத் தொடங்கின. பீரங்கிப் படையினருக்கு அவர்கள் இருக்குமிடம் தெரியாது. வரைபடத்தில் 276.4 என்னும் கோட்டுக்கு இணையான சாலையில் இருக்கிறோம். நம் பீரங்கியே நம்மைத் தாக்குகிறது. நிறுத்துங்கள் என்னும் பொருளில் எழுதி, விட்டில்சி தம் கடைசிப் புறாவைப் பறக்கவிட்டார். குண்டுமழை நின்றது. சில நாள்களில் மீட்புப் படை வந்தபோது தம் காலால் நடந்து வெளியேறியவர்கள் 194 பேர்.

அப்புறாவின் பெயர் ஷேர் அமி. அன்பு நண்பன் என்பது பொருள். மார்பில் குண்டு பாய்ந்து, ஒரு காலை இழந்த நிலையில் அது கூடடைந்தது. அதன் உடல் பதப்படுத்தப்பட்டு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஆர்கான் செய்தியைக் கொண்டுவந்தது இதே புறாதானா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அன்று பறந்தது எந்தப் புறாவாயினும், அந்தத் தாளைத் தவிர விட்டில்சியின் வீரர்களுக்கு வேறு குரல் இருக்கவில்லை.

முதுகில் ஏறிய வானொலி

அப்போரிலேயே கம்பியில்லாத் தந்திக் கருவிகள் பயன்படத் தொடங்கின. கப்பலிலும் வானூர்தியிலும் அவை பெரும்பயன் தந்தன. ஆனால் கருவி, மின்கலம், வானலைக் கம்பி ஆகியவற்றைச் சுமந்துசெல்லப் பலர் வேண்டியிருந்ததால், குண்டுமழையில் ஓடும் வீரனுக்கு அவை உதவவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது, ஏறத்தாழ 15 கிலோ எடையில், ஒருவர் முதுகில் சுமந்தபடியே பேசக்கூடிய கருவிகள் வந்தன. முன்னேறும் வீரரும் பின்னிருக்கும் பீரங்கியும் அதே நொடியில் பேசிக்கொள்ள வழி பிறந்தது. தளபதி ஐயத்தைக் கேட்கலாம். வீரர் விடை கூறலாம். கடிகாரத்தைப் பார்த்துச் சுட வேண்டிய கட்டாயம் தளர்ந்தது.

எனினும் புறாக்கள் உடனே ஓய்வு பெறவில்லை. 1943 அக்டோபர் 18ஆம் நாள், இத்தாலியில் கால்வி வேக்கியா என்னும் சிற்றூரைப் பிரிட்டிஷ் பிரிகேடு ஒன்று கைப்பற்றியது. அவ்வூரின்மேல் குண்டுவீசித் தங்களுக்கு வழிசெய்யுமாறு அவர்களே முன்னர் அமெரிக்க வான்படையைக் கேட்டிருந்தனர். எதிர்பார்த்ததற்கு முன்னதாகவே ஊர் கைக்கு வந்துவிட்டதால், இப்போது அதனைத் தடுத்தாக வேண்டும். வானொலியில் அழைத்தனர், தொடர்பு கிடைக்கவில்லை. படையுடன் வந்திருந்த அமெரிக்கப் புறா ஒன்றின் காலில் செய்தியைக் கட்டி விடுத்தனர். ஜி.ஐ. ஜோ என்னும் அப்புறா ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தொலைவை 20 நிமிடத்தில் பறந்து வான்தளத்தை அடைந்தது. அங்கே குண்டுவீச்சு வானூர்திகள் ஓடுபாதையில் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தன.